வந்துகினே கீது

பாய் பொய் சொல்லுவார் என்று சொன்னால் எங்கள் நிலையத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர் பேச்சை நம்பிக் கெட்டுப்போனவர்கள்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் உண்மை இல்லை. இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போன மழைக்காலத்தில் இறந்துபோன ஒரு நல்ல மனிதரைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டவள் ஆவேன்.

அடையாறுப் பக்கம் நீண்ட மதிலும் தூங்குமூஞ்சி மரங்களுமாக இருக்கும் பெரிய ஆராய்ச்சி நிலையம் அது. பழைய அறக்கட்டளை ஒன்று நடத்தி வந்தது. நான் அங்கே நூலகத்தில் வேலை பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன், நூலகம் என்று சொல்லும்படி அங்கே அதிகம் மிச்சமில்லை என்றாலும். பாய் குளிர் அறைகளைப் பார்த்துக்கொண்டார். ஆராய்ச்சிக்காரர்கள் சேர்த்துவைத்த ரத்தமும் திசுவும் கெட்டுப்போகாமல் வைத்திருக்கும் அறைகள். அவற்றுக்குள் போய்ப் போய் வருவதால், சென்னையின் மே மாதத்திலும் இடுப்பில் ஒரு பழுப்பு ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு நடப்பார். கேண்டீன் வரிசையில் வியர்த்து வழிந்துகொண்டு நிற்கும் நாங்கள் அந்த ஸ்வெட்டரைப் பார்த்ததுமே இன்னும் புழுங்குகிறது என்று கேலி செய்வோம். அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் வாட்ச்மேனிலிருந்து இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பாய்தான்.

அவர் சொல்லும் பொய் எப்படிப்பட்டது என்பதை நான் முதன்முதலில் லிஃப்டுக்குள் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். லிஃப்ட் பாதியில் நின்றுபோய் நானும் ஜெசிந்தாவும் மாட்டிக்கொண்டோம். ஜெசிந்தா திசுப் பிரிவில் லேப் டெக்னீஷியன். திருவான்மியூர் குப்பத்துப் பெண். கட்டுமரத்தில் வளர்ந்தவளுக்குக் கடல் பயமில்லை, மூடிய பெட்டிதான் பயம். மின்விசிறியும் நின்றுவிட்டது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திவிட்டது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினாள். அப்போது கதவுக்கு வெளியே பாயின் குரல் கேட்டது.

"இன்னாம்மா, யாரு உள்ள? பயப்படாதீங்க. மெக்கானிக்கு இப்பத்தான் போன் பண்ணான். சைதாப்பேட்டை பாலத்துல வந்துகினு கீறான்."

கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டூர்புரம் தாண்டிட்டான்" என்றார்.

பிறகு, "சிக்னல்ல மாட்டிகினான் பாவம். செவப்பு வுழுந்துச்சாம். எதிர்ல ஒரு தண்ணி லாரி வேற குறுக்கால நிக்குது."

தண்ணீர் லாரியைக் கேட்டதும் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லாரிக்காரன அடிச்சித் தொரத்தச் சொல்லுங்க பாய்" என்று உள்ளேயிருந்து கத்தினாள். மூச்சு சீராகிவிட்டது. பாய் கதவோடு ஒட்டி நின்று அந்த மெக்கானிக்கை ஒவ்வொரு திருப்பமாக ஓட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் கடைசியில் வரத்தான் செய்தான். கதவு திறந்ததும் ஜெசிந்தா அவனிடம், "ஏம்ப்பா, சைதாப்பேட்டைலேர்ந்தா வர?" என்று கேட்டாள். அவன் விழித்தான். அவன் வந்தது பெருங்குடியிலிருந்து. பாதி நேரம்வரை லிஃப்ட் கம்பெனியில் போனையே எடுக்கவில்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

"அப்போ அந்தப் பாலம்?" என்று நான் பாயிடம் கேட்டேன்.

"எதுனா ஒரு பாலத்துல எவனோ ஒருத்தன் வந்துகினுதானே இருப்பான்?" என்றார் பாய். "வந்துகினே கீறான்னு சொன்னாதான் உள்ள கீறவங்களுக்கு மூச்சு வரும்."

இதுதான் பாய். யாராவது பயந்துபோய் எதிரே நின்றால் அவரால் தாங்க முடியாது. எதையாவது சொல்லி அந்தப் பயத்தை முகத்திலிருந்து துடைத்துவிட வேண்டும். சொல்லும்போது வலது கையை விரித்து நெஞ்சில் வைத்துக்கொள்வார். அந்தக் கையைப் பார்த்த பிறகு அவரை நம்பாமல் இருக்க முடியாது.

என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி எடுத்தபோது மயிலாப்பூர் ஆஸ்பத்திரிக்கு அவராகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வந்து, "டாக்டரப் பாத்தேம்மா. சிரிச்சிகினே போறாரு. நல்லா முடிஞ்சிருக்கு" என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அப்போது ஆபரேஷன் நடந்துகொண்டுதான் இருந்தது என்றும், அவர் பார்த்தது வேறு யாரோ ஒரு டாக்டரை என்றும் பிறகு புரிந்தது. அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். நான் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. உலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் எப்படியோ தாமாகவே சரியாகிவிடுகின்றன. அதனால் பாய் சொன்னதில் பெரும்பாலானவை பலித்தன. பலிக்கப் பலிக்க, அவர் ஒன்றைச் சொன்னால் அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைக்கத் தொடங்கிவிட்டோம். அவரும் அப்படி நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

ஒருமுறை ரம்ஜானுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சைதாப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால், மின்சார ரயில் போகும்போதெல்லாம் சுவரில் பாத்திரங்கள் அதிரும் வீடு. வந்திருந்தவர்கள் பாய் தைரியம் சொல்லும் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய மனைவி, நாங்கள் பாபி என்று கூப்பிடுவோம், சேமியாவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "கல்யாணமான புதுசுலயே அப்டித்தான். வூட்ல அரிசி இல்லன்னு சொன்னா, வந்துகினே கீதுன்னு சொல்லிட்டு வெளிய கெளம்பிடுவாரு. பக்கத்து வூட்டுக்குக் கிண்ணம் எடுத்துகினு போறது நானு."

எல்லோரும் சிரித்தோம். பாபி சிரிக்கவில்லை.

எங்கள் நிலையத்தில் பென்ஷன் உண்டு. அரசாங்கம் தருவதல்ல, அறக்கட்டளையே ஒரு நிதி வைத்து வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்து வந்தது. நிரந்தர வேலையில் பத்து வருஷம் முடித்தால் சாகும்வரை வரும், செத்த பிறகு வீட்டில் இருப்பவருக்கு வரும். வெளியே அதிகச் சம்பளம் கிடைத்தும் பலர் போகாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த நிதியைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டியில் ஊழியர்கள் சார்பாக ஒருவர் உட்காரலாம். ஒவ்வொரு தேர்தலிலும் பாயைத்தான் அனுப்பினோம். அவருக்குக் கணக்குத் தெரியும் என்பதற்காக அல்ல. அவர் எழுந்து நின்றாலே கூட்டத்தில் சலசலப்பு அடங்கும் என்பதற்காக. கமிட்டியில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பேசியதில் பாதி அவருக்கு விளங்கவில்லை என்பதை ரொம்பப் பிற்பாடுதான் சொன்னார்.

ஒரு கோடையில் செய்தி வந்தது. அறக்கட்டளையால் நிலையத்தை நடத்த முடியவில்லை, ஒரு பெரிய கம்பெனி எடுத்து நடத்தப்போகிறது. எல்லோரையும் அரங்கத்தில் உட்காரவைத்துத் திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். 'மறுசீரமைப்பு' என்று ஒரு சொல் வந்தது. 'உபரிப் பணியிடங்கள்' என்று இன்னொன்று. பென்ஷன் நிதி 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். கேள்வி கேட்க நேரமில்லை, மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பிளாண்ட் ரூமுக்கு நடை தொடங்கியது. பிளாண்ட் ரூம் என்பது குளிர் அறைகளுக்கான இயந்திரங்கள் ஓடும் இடம். எப்போதும் காது அடைக்கும் இரைச்சல். உள்ளே பாய்க்கு ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் உண்டு. தோட்டக்காரர்கள், டிரைவர்கள், கண்ணாடி போட்ட விஞ்ஞானிகள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ஓய்வுபெற்றவர்களும் வந்தார்கள். மயிலாப்பூரிலிருந்து கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் ஆட்டோ பிடித்து வந்து, "பாய், ஆத்துல ராத்திரியெல்லாம் தூங்காம கேட்டுண்டே இருக்கா. பென்ஷன் நின்னுடுமோ? அதுலதான் மருந்து வாங்கறோம்" என்றார். கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர், குளிர் இயந்திரம் பார்ப்பவரிடம் வந்து கேட்கிறார்.

பாய் நெஞ்சில் கை வைத்தார். "மாமிகிட்ட சொல்லுங்க சார். அது தர்மத் துட்டு. அதுல எவனும் கை வெக்க முடியாது."

பெரியவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு பாயின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜெசிந்தா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவள் கணவருக்குப் படகு எஞ்சினில் கால் மாட்டி எலும்பு நொறுங்கிப்போய், கடலுக்குப் போவதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். தினக்கூலியாகவும் ஒப்பந்தத்திலும் நெடுங்காலம் இருந்த பிறகே நிரந்தரமானாள். அந்தப் பழைய காலம் பென்ஷனுக்குச் சேராது.

"பாய், எங்கூரு பஸ் ஸ்டாண்டாண்ட புது ஆஸ்பத்திரி தொறக்கறாங்க. லேபுக்கு ஆள் கேக்கறாங்க. வூட்லேர்ந்து நடந்தே போயிடலாம். திங்கக்கெழமைக்குள்ள சொல்லணுமாம்" என்றாள். "போவட்டுமா, வாணாமா?"

"ஒனக்கு இன்னும் எவ்ளோ கீது, பென்ஷனுக்கு?"

"ஒன்ற வருசம்."

"ஒன்ற வருசத்துக்குப் போயி இத வுடுவியா? தனியார் ஆஸ்பத்திரில இன்னிக்கி வான்னுவான், நாளைக்கிப் போன்னுவான்."

"இங்கயே போன்னுட்டா?"

"ஒன்னயா? பர்மனென்ட் ஆளுங்க மேல கை வெக்க மாட்டாங்க. நான் கேட்டுட்டேன். கமிட்டில நான் ஒக்காந்துகினு கீறன்ல?" வலது கை நெஞ்சுக்குப் போய்விட்டது. "நீ போயி வேலையப் பாரு."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை அவள் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, ஆட்களை ஒவ்வொருவராகக் கருத்தரங்கு அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் பின்வாசல் வழியாக வெளியே விடப்பட்டார்கள். அவர்களுடைய அடையாள அட்டை அதற்குள் செயலிழந்துவிட்டது. கைப்பையை எடுக்கத் தன் அறைக்குத் திரும்பியவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. பத்து வருஷம் முடியாத நிரந்தர ஊழியர்கள்தாம் அதிகம் போனார்கள். அவர்களை அனுப்பினால் பென்ஷன் கொடுக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. திசுப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

ஜெசிந்தா நேராக பிளாண்ட் ரூமுக்கு வந்தாள். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் ஏற்கெனவே கூட்டம். அவள் கத்தவில்லை. அந்த இரைச்சலில் கேட்கவேண்டுமே என்பதற்காக மட்டும் குரலை உயர்த்தினாள்.

"கேட்டுட்டேன்னு சொன்னீங்களே பாய். யார்கிட்ட கேட்டீங்க?"

பாயின் கை நெஞ்சுக்குப் போக எழுந்து, பாதியில் நின்று, கீழே இறங்கியது.

"யார்கிட்டயும் கேக்கலம்மா."

"அப்போ எப்டிச் சொன்னீங்க?"

"நீ பயந்துகினு நின்ன. அத்தப் பாத்து..."

"அந்தப் பயம் இருந்திருந்தா நான் போயிருப்பேன் பாய்" என்றாள். "நீங்க அத்த எடுத்துட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கைப்பைகூட இல்லாமல் கேட்டை நோக்கி நடந்தாள். பாய் நாற்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதுவும் கேட்க வரவில்லை.

மறுநாள் காலை நூலகத்துக்கு வந்தார். ஸ்வெட்டர் இல்லை. "எச்.ஆர் ஆபீசரப் பாக்கணும்மா. அவரு இங்கிலீஷ்ல பேசுவாரு. நீ கூட வரியா?" என்றார்.

கம்பெனி அனுப்பிய அந்த அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று பாய்க்கு நாற்காலி காட்டினார். பாய் உட்காரவில்லை. எனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது, அதை இப்போதே விட்டுவிடுகிறேன், முன்கூட்டிப் போனால் பென்ஷன் குறையும் என்று தெரியும், குறையட்டும், என் சம்பளம் ஜெசிந்தாவுடையதைவிட அதிகம், என்னை அனுப்பிவிட்டு அவளை ஒன்றரை வருஷம் மட்டும் வேறு ஏதாவது பிரிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

"டோன்ட் வொர்ரி பாய்" என்றார். பிறகு சிரமப்பட்டுத் தமிழில், "நான் பார்த்துக்கறேன். நிச்சயம் ஏதாவது பண்ணலாம்" என்றார்.

வெளியே வந்ததும், "எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ராஜினாமா குடுங்க பாய்" என்றேன்.

"சேச்சே. அவரு மூஞ்சப் பாத்தியா? அப்டிச் சொல்ற ஆளு ஏமாத்த மாட்டாரும்மா."

அவரை அதற்கு மேல் நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த வாரமே ராஜினாமா கொடுத்தார். அதிகாரி ஏமாற்ற நினைத்திருப்பார் என்று நானும் நம்பவில்லை. எதிரே ஒரு வயதான மனிதர் அப்படி நிற்கும்போது வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லியிருப்பார். சொன்னவுடன் அவர் மனதும் லேசாகியிருக்கும். ஆனால் மேலிடத்தில் பாயின் பணியிடத்தையும் சேர்த்து நீக்கிவிட்டு, குளிர் அறைகளை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். ஜெசிந்தாவைக் கூப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் அந்த அதிகாரிக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

திருவான்மியூர் ஆஸ்பத்திரியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலைதான் ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் இல்லை, எடுத்த ரத்தத்துக்குத் தகுந்த கூலி. விடியும் முன்னே ஸ்கூட்டரில் கிளம்பி அடையாறு, சைதாப்பேட்டை, மயிலாப்பூர் என்று சுற்றுவாள். வழியில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போவாள். பாயைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்றவர்களுக்குப் பென்ஷன் சில மாதங்கள் நின்றது. ஊழியர் சங்கம் நீதிமன்றம் போன பிறகு, குறைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எத்தனை நாளுக்குக் கொடுப்பார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த நின்றுபோன மாதங்களில் ஒருநாள் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பாயைப் பார்த்தேன். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவதா வேண்டாமா என்பதுபோல் நின்றிருந்தார். முகம் உப்பியிருந்தது. கணுக்கால்கள் வீங்கிச் செருப்பின் வாரில் பிதுங்கின. என்னுடன் வந்த தோழி, அவளுடைய அப்பாவும் எங்கள் நிலையத்தில் இருந்தவர்தான், ஆவலாக, "பாய், பென்ஷன் வந்துடும்ல?" என்று கேட்டாள்.

"தெர்லம்மா" என்றார் பாய்.

தோழிக்கு ஏமாற்றம். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள். பாய் முருங்கைக்காயைத் திரும்பக் கூறில் வைத்துவிட்டு, "நெஜமாவே தெர்லம்மா" என்று மறுபடியும் சொன்னார். அவர் உண்மை பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் பேசுவதற்கு அவரிடம் அதிகமாக எதுவும் இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் பத்துப் பேரை நிறுத்திப் பேசாமல் அந்த மார்க்கெட்டைத் தாண்டமாட்டார் என்று பாபி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டே போனார்.

சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அது எப்போதிலிருந்து என்று தெரியாது. உடம்பைப் பற்றி அவர் தனக்குத்தானேயும் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாபி தோசை வார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து, "நல்லாத்தான் கீறீங்க பாய், ரெண்டு நாள்ல எழுந்து நடப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார்.

வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். ரத்தம் எடுக்க ஆள் வரும் என்று பாபி சொல்லியிருந்தார். கையில் நீலப் பெட்டியோடு உள்ளே நுழைந்தது ஜெசிந்தா.

அன்றைக்கு பிளாண்ட் ரூமிலிருந்து நடந்து போனவளை பாய் அதன் பிறகு பார்த்ததில்லை. எழுந்திருக்கப் பார்த்தார். "ஒக்காருங்க" என்றாள் அவள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்து, மேலே ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தேடி விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"என்மேல கோவமாம்மா?"

"ஆமா பாய்."

"போவலையா?"

"போவல." ஊசியைச் செலுத்தினாள். ஒரே குத்தில் ரத்தம் குழாய்க்குள் ஏறியது. "இந்த வூட்டுக்கு வேற ஆளுதான் வர இருந்தாரு. போன வாட்டி நரம்பு கெடைக்காம நாலு எடத்துல குத்திட்டாருன்னு பாபி போன்ல சொல்லி அழுதாங்களாம். கேட்டதும் நானே போறேன்னுட்டேன்."

பாபி தோசைக் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார். ஜெசிந்தா ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"ஜெசிந்தா" என்றார் பாய். "நீ லேபுல கீற. உனுக்குத் தெரியும். வர்றவன்லாம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்றான். நீ சொல்லு. நெஜத்த."

அவள் என்னைப் பார்த்தாள், பாபியைப் பார்த்தாள். நான் சொல்லாதே என்று தலையசைக்க நினைத்தேன், தலை அசையவில்லை.

"போன ரிப்போர்ட்டப் பாத்தேன்" என்றாள். "நல்லா இல்ல பாய். ரெண்டுமே போயிடுச்சி. மிஷின்ல வெச்சி ரத்தத்தச் சுத்தம் பண்ணாதான் ஓடும். எவ்ளோ நாளுக்கு ஓடும்னு யாரும் சொல்ல முடியாது."

பாபி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை. பாய் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்ததுபோல் இருந்தது.

"பயமா கீதும்மா" என்றார்.

எத்தனையோ பேருடைய பயத்தைக் கேட்ட மனிதர் தன் பயத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும்.

ஜெசிந்தாவின் கைப்பேசி அடித்தது. அடுத்த வீட்டில் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"இருக்கத்தான் பாய் செய்யும்" என்றாள். "எனக்கும் இருக்கு, தெனமும் காலைல."

பஞ்சு வைத்த இடத்தில் ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். ஸ்டூலைக் கட்டிலோடு இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.